சட்டத்துக்கு அடியில் இருக்கும் கை

ஆரி வேலைக்கு இரண்டு கைகளும் வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே ஒரு கை ஊசியைப் பிடிக்கிறது. கீழே இன்னொரு கை நூலைப் பிடிக்கிறது. மேல்கை குத்துகிறது, திருப்புகிறது, தூக்குகிறது. கீழ்க்கை ஊசிமுனைக் கொக்கியில் நூலை மாட்டிவிடுகிறது. எவ்வளவு விறைப்பாகப் பிடிப்பது, எந்தக் கணத்தில் தளர்த்துவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. சங்கிலித் தையலின் கண்ணிகள் ஒரே அளவில் விழுகின்றனவா என்பதைப் பெரும்பாலும் கீழ்க்கைதான் தீர்மானிக்கிறது. தமிழில் இன்று பார்க்கக் கிடைக்கும் ஆரி வகுப்பு வீடியோக்களில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவற்றில் கேமரா துணிக்கு நேர்மேலே நிற்கிறது. கீழ்க்கை படத்திலேயே இல்லை.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டிலிருந்தபடி வீடியோ பார்த்துக் கைவேலை கற்கும் முறையின் வலிமையும் வரம்பும் இந்தக் கேமராக் கோணத்திலேயே தெரிந்துவிடுகின்றன. இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்வது அந்த முறையைத்தான். தனித்தனி ஆசிரியைகளை அல்ல. அவர்களில் கைத்திறன் மிக்கவர்கள் பலர் உண்டு. நன்றாகச் செய்கிறவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பு நேர்வகுப்பிலேயே அடிக்கடி பொய்த்ததுதான்.

கோவையில் இந்த முறை வேரூன்றிய கதை எல்லோருக்கும் தெரியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா மலிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தெருமுனைத் தையல் வகுப்புகள் பூட்டப்பட்டன. சொல்லிக்கொடுத்தவர்களும் கற்றவர்களும் ஒருசேரக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தார்கள். வகுப்புகள் மறுபடி திறந்த பிறகும் கைப்பேசி தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணச் சந்தையும் அதற்குத் தோள்கொடுத்தது. முகூர்த்தப் புடவையைவிட அதற்கான பிளவுஸ் அதிகம் பேசப்படுகிற காலம் இது. மணப்பெண் பிளவுஸ் ஒன்றின் வேலைக்கூலி மட்டும் ஆயிரக்கணக்கில் போகிறது. டவுன்ஹாலைச் சுற்றிய வீதிகளில் மணியும் ஜரியும் சமிக்கியும் வாங்க வருகிறவர்கள், ஓடுகிற வீடியோவை நிறுத்தி, "இந்த மணி இருக்குங்களா?" என்று கடைக்காரரிடம் திரையைக் காட்டுவது இப்போது வாடிக்கை.

நிறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். அவை சிறியவை அல்ல. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அவர்கள் திரும்பும்வரை கிடைக்கும் இடைவெளியில், யாரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே போகாமல், வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரே தையலைப் பத்துமுறை பார்க்கலாம். ஒரு பெண் வகுப்புக்குப் போய்வர எத்தனை பேரின் சம்மதம் தேவைப்படுகிறது என்று அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும். சொல்லிக்கொடுக்கும் மொழியும் அந்நியமாக இல்லை. "மார்க் பண்ணிக்கோங்க, அரை இஞ்ச் விட்டு வெட்டிக்கோங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சில் வருகிறது பாடம். ஆங்கிலப் பேட்டர்ன் புத்தகங்களைக் கண்டு தயங்கியவர்களுக்கு இது நிஜமான வாசல்.

இன்னொரு நிறையின் வேர் ஆழமானது. கைத்தொழில் அறிவு நம்மிடம் நெடுங்காலம் சாதியின் வீட்டுக்குள்ளேயே இருந்தது; தறியும் சக்கரமும் ஊதுகுழலும் பிறப்பால் கைமாறின. குழந்தைகள் பள்ளியில் பாதி நாளும் பெற்றோரின் தொழிலில் மீதியுமாகப் பயிலட்டும் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த ஏற்பாடு, குலக்கல்வி என்ற பெயரில் எதிர்ப்பைச் சந்தித்து 1954இல் கைவிடப்பட்டதை வாசகர் அறிவர். வீடியோ வகுப்பு யாருடைய மகள் என்று கேட்பதில்லை. நுட்பத்தைப் பொதுவில் வைக்கிறது. கைத்தொழிலைக் குலத்திலிருந்து பிரித்தெடுக்கச் சட்டமும் இயக்கமும் பட்ட பாட்டில் ஒரு பகுதியை, அந்த நோக்கமே இல்லாமல், ஒரு பொழுதுபோக்கு ஊடகம் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் திறந்தது எந்தக் கதவு என்பதையும் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டின் பெயர்பெற்ற கைத்தொழில்கள் பவானி ஜமுக்காளம், கோவை கோரா காட்டன், நெகமம் சேலை. மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றுக்கும் தறி வேண்டும்; ஜமுக்காளத்துக்குக் குழித்தறி, அகலமான விரிப்பென்றால் அருகருகே இரண்டு நெசவாளர்கள். இவற்றை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று யாரும் வகுப்பு நடத்தவில்லை, நடத்தவும் முடியாது. கோவையில் செல்வபுரம் பக்கத்துத் தங்கப் பட்டறைகளின் பற்றவைப்பு நுணுக்கமும் திரைக்கு வரவில்லை. வந்தவை எல்லாம் சாப்பாட்டு மேசையில் விரித்துச் சுருட்டி வைக்கக்கூடியவை: பட்டுநூல் வளையல், காகிதச் சுருள் வேலை, ரெசின், குரோஷே, டெரகோட்டா நகை, ஆரி, பிளவுஸ் தையல். மேலேயிருந்து படம் பிடித்தால் அழகாக வர வேண்டும், பத்து நிமிடத்துக்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்ற இரண்டு சல்லடைகளில் சலித்து விழுந்த பட்டியல் இது. சாதியின் கதவைத் திறந்தது என்று நான் புகழ்ந்த ஊடகம், உண்மையில் பூட்டு இல்லாத அறைகளைத்தான் அதிகம் திறந்திருக்கிறது. புகழை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியதில்லை, பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி முறைக்கு வருவோம். எந்தக் கைவினைப் பயிற்சியும் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். செய்து காட்ட வேண்டும். செய்யவைத்துத் திருத்த வேண்டும். செய்ததை ஓர் அளவுகோலில் வைத்துத் தரம் சொல்ல வேண்டும். கோவைக்கு இவை புதிய கோரிக்கைகள் அல்ல. தி.சு.அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும், அவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து பரப்பிய ஆதாரக் கல்வியும், 1957இல் அமைத்த மனையியல் கல்லூரியும் கைவேலையைக் கல்வியின் நடுவே வைத்த முயற்சிகள். அந்த ஆதாரக் கல்வியில் ஆயிரம் குறைகள் இருக்கட்டும். தக்ளியில் நூற்ற நூலின் நம்பரை, அதாவது பருமனை, பார்க்காமல், சீராக இருக்கிறதா என்று சோதிக்காமல் மாணவனை அடுத்த நிலைக்கு விடக்கூடாது என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

செய்து காட்டுவதில் வீடியோவின் சாதனை உண்மையானது. பெண்கள் இதழ்களில் அச்சான எம்பிராய்டரி மாதிரிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அச்சுப்படம் ஊசி எங்கே நுழைகிறது என்று அம்புக்குறி போட்டது. வீடியோ ஊசி எப்படி நுழைகிறது என்று காட்டுகிறது. நேர்வகுப்பில்கூட ஆசிரியைக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு எல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும். நல்ல வீடியோவில் பார்ப்பவரின் கண் செய்பவரின் கண்ணாகிவிடுகிறது. இதற்கு ஆய்வின் துணையும் இருக்கிறது: மின்சுற்றுப் பாகங்களைப் பொருத்தக் கற்றவர்களில், செய்பவரின் பார்வைக் கோணத்தில் எடுத்த வீடியோ பார்த்தவர்கள் எதிர்ப்புறமிருந்து எடுத்ததைப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 2017இல் ஃபியோரெல்லாவும் மேயரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

ஆரியில் டிசைன் பதிக்கும் பாடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ட்ரேஸிங் தாளில் வரைந்த கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்திக்கொண்டே போகிறார்கள். தாளைத் துணிமேல் வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்க்கிறார்கள். தாளைத் தூக்கினால் துணியில் வெள்ளைப் புள்ளிகளாக மயில் நிற்கிறது. குழைவு நீர்த்துப்போனால் புள்ளிகள் பரவி மயில் கலங்கிவிடும். கெட்டியானால் துளைக்குள் இறங்காது. எவ்வளவு பதம் என்பதைப் பஞ்சைப் பிழிந்து காட்டினாலே கண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. இந்தப் பாடத்தை நேரில் கற்பதால் கூடுதலாகக் கிடைப்பது மண்ணெண்ணெய் வாசனை மட்டும்தான். முழு மதிப்பெண் போடலாம்.

ஆனால் இதே வகுப்புகள் கண்ணுக்கு எட்டாததைக் காட்டாமலே விட்டுவிடுகின்றன. காதுக்கு எட்டுவதையும் கெடுத்துவைக்கின்றன. துணி சரியாக இழுபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சட்டத்தில் கட்டிய துணியை விரலால் சுண்டிக் கேட்பார்கள் கைதேர்ந்தவர்கள். விறைப்பான துணியில் ஊசி இறங்கும் சத்தம் ஒன்று, தொய்ந்த துணியில் இறங்கும் சத்தம் வேறு. வீடியோ ஒலியையும் சேர்த்துக் கொண்டுவரும் ஊடகம். இதை இலவசமாகக் கற்றுக்கொடுத்திருக்கலாம். பின்னணி இசை போட்டு அதை அமுக்கிவிடுகிறார்கள். (ஏனோ எல்லோரும் ஒரே புல்லாங்குழலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.) அடுத்தது வெட்டு. ஊசி துணியில் மாட்டிக்கொள்வது, கண்ணி நழுவுவது, நூல் அறுவது, வளைவில் சங்கிலி கோணுவது எல்லாம் படத்தொகுப்பில் போய்விடுகின்றன. எஞ்சுவது தவறே நேராத ஒரு கை. தொடக்கக்காரருக்கு முதல் மணிநேரத்தில் நடப்பதெல்லாம் தவறுகள்தான். அவற்றிலிருந்து எப்படி மீள்வது என்ற பாடம் வெட்டித் தள்ளிய துண்டுகளில் கிடக்கிறது. அறுந்த நூலை மறுபடி சேர்ப்பதை ஒளிக்காமல் காட்டும் வீடியோக்கள் சில உண்டு. பார்வை எண்ணிக்கையில் அவை பின்தங்கியிருக்கலாம். பாடமாக முன்னிற்பவை அவைதான்.

பார்த்துக்கொண்டே இருப்பதில் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் 'சைக்கலாஜிக்கல் சயன்ஸ்' இதழில் மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேசைமேல் பாத்திரங்கள் இருக்க விரிப்பை மட்டும் உருவியெடுக்கும் வித்தையை ஒருமுறை பார்த்தவர்களைவிட இருபது முறை பார்த்தவர்களுக்கு 'என்னாலும் முடியும்' என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அம்பு எறிதல் போன்ற திறன்களைச் செய்தே காட்டச் சொன்னபோது, பலமுறை பார்த்தவர்களின் நம்பிக்கை ஏறியதே தவிரத் திறன் ஏறவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதி கைவினை ஆசிரியர்கள் சுவரில் ஒட்டிவைக்கத் தக்கது: எறிந்து பிடிக்கும் வித்தையின் வீடியோவைப் பார்த்தவர்களிடம் அந்த வித்தைக்குரிய கட்டைகளைச் சும்மா கையில் கொடுத்ததுமே அவர்களின் மிகைநம்பிக்கை இறங்கிவிட்டது. கையில் பொருள் இல்லாமல் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கற்றலாகத் தோன்றும். ஆனால் கற்றல் அல்ல. சேமித்துவைத்த வீடியோக்களின் பட்டியல் நீளமாகவும் சட்டத்தில் ஏற்றிய துணி பாதியிலும் நிற்கும் வீடுகளுக்கு இது போதுமான விளக்கம்.

எல்லாக் கைவேலைக்கும் ஒரே தீர்ப்பு சொல்வது நியாயமாகாது. பட்டுநூல் வளையலில் மறைவான வேலை ஏதும் இல்லை. வீடியோ முழுதாகப் போதும், வேலையின் உயரமும் அந்த அளவுதான். குரோஷே அதைவிட நல்ல வழக்கு. அது எண்ணிக்கையின் கலை. இத்தனையாவது வரிசையில் இத்தனை கண்ணி என்று எழுதிக் கொடுத்துவிடலாம். எங்கே பிழைத்தது என்று கற்பவரே எண்ணிக் கண்டுபிடித்துப் பிரித்துப் பின்னலாம். நூலை இறுக்கிப் பின்னுகிறோமா தளர்த்திப் பின்னுகிறோமா என்பதைக்கூட ஒரு சிறு சதுரம் பின்னி அளந்துபார்த்துத் தெரிந்துகொள்ளலாம். திருத்தும் வேலையைக் கலையே தன்னுள் வைத்திருப்பதால் ஆசிரியர் எட்ட இருந்தாலும் இழப்பு குறைவு. வீடியோ வழியாகத் தமிழ்நாட்டில் உண்மையாகவே உயர்ந்த கைவேலை எது என்று கேட்டால் நான் தயங்காமல் குரோஷேயைச் சொல்வேன்.

டெரகோட்டா நகை எதிர்முனை. களிமண்ணை உருட்டி, அச்சில் அழுத்தி, துளைபோடுவதுவரை திரையில் கற்கலாம். சூளை வைக்கும் இடத்தில் முறை சரிகிறது. ஈரம் முழுதாகப் போயிற்றா என்று பார்க்கக் காய்ந்த மணியைக் கன்னத்தில் வைப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, நெருப்பில் வெடிக்கும். கன்னத்தின் குளிர்ச்சியை எந்தக் கேமரா காட்டும்? நெருப்பின் நிறத்தைக் காட்டுவதிலும் அது நம்பத்தக்கதல்ல. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் கைப்பேசிக் கேமராவில் மங்கிய செம்மையும் பழுத்த செம்மையும் ஒன்றுபோல் தெரிகின்றன. "இந்த மாதிரி சிவந்ததும் எடுத்துடுங்க" என்று ஆசிரியை சொல்லும்போது அவர் பார்ப்பது ஒரு நிறம், நாம் பார்ப்பது இன்னொன்று.

பிளவுஸ் தையல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வகுப்புகளில் மிகுந்த எண்ணிக்கையும் மிகுந்த ஏமாற்றமும் இதில்தான். துணியில் கைவைக்குமுன் செய்தித்தாளில் வெட்டிப் பழக்கும் வழக்கம் பாராட்டத்தக்கது. அளவெடுப்பது, மார்புச் சுற்றளவை நான்காக வகுத்துத் தளர்ச்சி சேர்ப்பது, டாட் குறிப்பது எல்லாம் தெளிவாகவே நடத்தப்படுகின்றன. குறை என்னவென்றால் பெரும்பாலான பாடங்கள் 34, 36 அளவுகளில் ஓடுகின்றன. தோளும் கைக்குழியும் மார்பளவிலிருந்தே வாய்ப்பாடாகப் பிறக்கின்றன. 36க்குப் பொருந்துகிற வாய்ப்பாடு 42க்குப் பொருந்தாது, ஏனென்றால் மார்பு வளரும் விகிதத்தில் தோள் வளர்வதில்லை. கற்றவர் தன் அம்மாவுக்குத் தைக்கிறார். தோள் சரிகிறது, கைக்குழியில் சுருக்கம் விழுகிறது. இனிமேல்தான் தையல்கலை தொடங்க வேண்டும். கைக்குழிச் சுருக்கத்துக்குக் காரணம் ஆழம் போதாததா, தோள் சரிவு கூடியதா, கையின் வளைவு தப்பியதா என்பதை உடுத்திய உடம்பில் கிள்ளிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூன்று காரணத்துக்கும் மூன்று வீடியோ இருக்கிறது. எது தன் காரணம் என்று தெரிந்தவருக்கு வீடியோவே தேவைப்படாது.

'ஏழே நாளில்', 'இருபத்தோரு நாளில்' என்ற வாக்குறுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீளமான படிப்பின் மீதான சலிப்பு கோவைக்குப் பழகிய ஒன்று. 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் இங்கே தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். குறுகிய காலப் படிப்பை விற்கிறவர்கள் தங்களை அந்த மரபில் வைத்துக்கொள்ள ஆசைப்படலாம். ஆனால் நாயுடு இயந்திரத்தைக் கையால் பிரித்துச் சேர்த்துத் தானே கற்றவர். அவர் சுருக்க நினைத்தது வகுப்பறைக் காலத்தை. இந்த வகுப்புகளோ கைபழகும் காலத்தையே சுருக்குகின்றன, அதிலும் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதன் மூலம். 21 நாள் என்பது வீடியோக்களின் கூட்டுத்தொகை. சங்கிலித் தையல் நேராக விழ ஒருவருக்கு ஆகும் காலம் அதில் எங்கும் வரவில்லை.

சான்றிதழ் விஷயத்தில் இரக்கம் காட்டுவதற்கில்லை. கட்டணம் செலுத்திப் பாடங்களைப் பார்த்து முடித்தால் சான்றிதழ் என்பது பல வகுப்புகளின் விளம்பர வரி, அதன்மேல் ஐ.எஸ்.ஓ. முத்திரையும் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக ஒழுங்குக்குத் தரப்படுவது. ஒரு மாணவியின் தையலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நம்மிடம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. பாடத்திட்டம் பழையது, நடைமுறை மந்தமானது என்று குறை சொல்லலாம். ஆனால் அங்கே ஒருவர் உட்கார்ந்து தைத்துக் கொடுக்க வேண்டும், வேறொருவர் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காத வேலைக்குக் கொடுக்கும் சான்றிதழ் ரசீதுதான்.

பின்பக்கத்தைப் பற்றி இனித்தான் பேச வேண்டியிருக்கிறது. வீடியோ பார்த்து முடித்த ஓர் ஆரி பிளவுஸை மேலிருந்து பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. நிறம் இருக்கிறது, மின்னல் இருக்கிறது, மயிலுக்கு மயிலும் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே நூல் அறுக்கப்படாமல் தாவியிருக்கும். முடிச்சுப் போட வேண்டிய இடங்களில் பசை காய்ந்து துணி விறைத்திருக்கும். மணி கோத்த வரிசையின் தொடக்கத்தில் பூட்டுத் தையல் இருக்காது. ஒரு மணி கழன்றால் வரிசை முழுவதும் உதிரும். இரண்டாவது துவைப்பில் இவை எல்லாம் முன்பக்கத்துக்கு வந்துவிடும். பக்கத்து நீலகிரியில் தோடர்களின் பூவேலையை எடுத்துப் பாருங்கள். தடம் வரையாமல், இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். எந்தப் பக்கத்தையும் வெளியே காட்டி உடுத்தலாம். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் தோடப் பெண்களைப் போலத் தைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறுபக்கமும் வேலையின் பகுதி என்ற உணர்வு, பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்களுக்குச் சொல்லாமலே வந்துவிடுகிறது, மேலிருந்து எடுத்த படத்தில் கற்றவர்களுக்குச் சொன்னாலொழிய வருவதில்லை. பெரும்பாலும் சொல்லப்படுவதும் இல்லை.

சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த முறையை நிராகரிக்க முடியவில்லை. சிறிய குழுவாகச் சேர்த்து, கூகுள் மீட்டிலோ ஜூமிலோ வாரத்தில் சில நாள் நேரலையில் நடத்தி, மற்ற நாள்களில் வாட்ஸ்அப்பில் வேலையை வாங்கிப் பார்க்கும் வகுப்புகளைச் சொல்கிறேன். "அக்கா, மேல்பக்கம் நல்லா இருக்குதுங்க, திருப்பி ஒரு போட்டோ போடுங்க" என்று கேட்கிற ஆசிரியை முன்சொன்ன மூன்று வேலைகளில் இரண்டாவதையும் செய்யத் தொடங்கிவிட்டார். போட்டோவில் சிவப்பு வட்டம் போட்டு, 'இங்க பூட்டு போடல' என்று திருப்பி அனுப்புகிறார். மாணவியின் கேமராவைச் சட்டத்துக்கு அடியில் வைக்கச் சொல்லி அவருடைய கீழ்க்கையைப் பார்க்கிற ஆசிரியைகளும் இருக்கிறார்கள். நேர்வகுப்பில் ஆசிரியை குனிந்து பார்க்கச் சோம்பல்படும் இடத்தை, ஒரு கைப்பேசியைத் தரையில் வைத்துத் தெளிவாகப் பார்த்துவிட முடிகிறது. ஊடகத்தின் பலவீனம் என்று இக்கட்டுரையின் தொடக்கத்தில் நான் காட்டியது, ஆசிரியை நினைத்தால் பலமாகவும் மாறக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழுவில் பத்துப் பதினைந்து பேருக்குமேல் சேர்ந்தால் இது நடக்காது. ஆயிரம் பேருக்கு ஒரே பாடத்தை விற்கிற கணக்கில் இது கட்டுப்படியும் ஆகாது.

படைப்பாற்றலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மயில், மாங்காய், யானை, தாமரை. எல்லோரும் ஒரே தாளைப் பதிவிறக்கி ஒரே வண்ணத்தில் நிரப்புகிறார்கள். நகலெடுத்துக் கற்பது மரபே. ஆனால் மரபில் நகல் என்பது வரைவையும் சேர்த்தது. இங்கே வரைவு விலைக்கு வருகிறது, நிரப்புதல் மட்டும் கற்பிக்கப்படுகிறது. ஒரு கழுத்து வளைவுக்கு ஏற்ப மயிலின் தோகையை எப்படி மடக்குவது என்று கேட்டால் கற்றவரிடம் விடையில்லை. அதனால்தான் கூலிக்கு வேலை பிடிக்கும்போது அவர் விலையைக் குறைத்துத்தான் போட்டியிட வேண்டியிருக்கிறது.

ஆக, தீர்ப்பு. பதிவுசெய்த இலவச வீடியோக்கள் செய்து காட்டலாகத் தேறுகின்றன, சில இடங்களில் நேர்வகுப்பையும் விஞ்சுகின்றன. பாடம் என்று அவற்றைக் கொள்ளாமல் குறிப்பேடாக வைத்துக்கொள்கிறவருக்கு நட்டமில்லை. பதிவுசெய்த கட்டண வகுப்புகள்தான் மூன்று வகைகளில் கடைசி. இலவசத்தில் கிடைப்பதை வரிசைப்படுத்திக் கொடுப்பது தவிர அவற்றில் பெரும்பாலானவை கூடுதலாகத் தருவது சான்றிதழ். வரிசைக்கு ஒரு மதிப்பு உண்டு, கேட்கிற கட்டணத்தின் அளவுக்கு இல்லை. நேரலையில் நடந்து, வேலையை வாங்கிப் பார்த்துத் திருத்தும் சிறுகுழு வகுப்பு, ஆரியிலும் குரோஷேயிலும் தெருமுனை வகுப்போடு சமமாக நிற்கத் தகுதியுடையது. பிளவுஸ் பொருத்தத்திலும் சூளையிலும் அதுவும் தோற்கிறது. அந்த இரண்டுக்கும் உள்ளூரில் ஒரு தையல்காரரையோ குயவரையோ தேடிப் போவதே சரி. அடிப்படையை வீடியோவில் முடித்துவிட்டுப் போனால் அவருடைய நேரம் மிச்சமாகும்.

பணம் கட்டுமுன் நான்கு விஷயங்களைக் கேட்கலாம். வெட்டாமல் எடுத்த ஒரு மணிநேர வேலையின் பதிவு இருக்கிறதா. சட்டத்துக்கு அடியிலிருந்து எடுத்த காட்சி ஒன்றாவது இருக்கிறதா. முன்பு கற்றவர்களின் வேலையை இருபுறமும் காட்டுவார்களா. என் வேலையைப் பார்த்து, சரியில்லை, பிரித்துவிட்டு மறுபடி செய்யுங்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறாரா. நான்குக்கும் ஆம் என்றால் இரட்டிப்புக் கட்டணமும் தகும். கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால், மீதி மூன்றும் யூடியூபில் தேடினால் கிடைத்துவிடும்.